கண்வலிக் கிழங்கும் எங்க அக்காவின் விரல்களும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். மூட்டுவலிக்காரர்கள் வீட்டில் இருந்தால் பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர், இப்போது அவருக்கே நாற்பது தாண்டிவிட்டது. "சார், அம்மாவுக்கு முட்டிவலி தாங்க முடியலைங்க. இதுல சொல்லியிருக்கற மாதிரி பண்ணலாங்களா?" என்று கேட்டிருந்தார். திறந்து பார்த்தால் செங்காந்தள் பூவின் படம். அதன் கிழங்கை எப்படி எடுத்து, எதில் கலந்து, வெறும் வயிற்றில் எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தார்கள். கடைசி வரி வழக்கம்போல, எல்லோருக்கும் பகிருங்கள், புண்ணியம் சேரும் என்று.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. உடனே போன் போட்டேன்.

"தம்பி, அம்மா அதைச் சாப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க சார். பக்கத்துத் தோட்டத்துல கேட்டிருக்கறனுங்க. நாளைக்குத் தோண்டித் தர்றேன்னாங்க."

"வேண்டாம்னு சொல்லு. அந்தக் கிழங்கு வீட்டு வாசப்படியே தாண்டக் கூடாது. அது விஷம்."

"பேரே மூலிகைன்னு போட்டிருக்குதுங்களே சார்..."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கண்வலிக் கிழங்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக அது பணப்பயிர். நம் மாநிலப் பூவும் அதுதான். சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமையாக வரும் காந்தளும் அதுதான். கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கார்த்திகை வாக்கில் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும் பெயர். கொடியைக் கம்பிப் பந்தலிலோ முள்கிளுவையிலோ ஏற்றிவிடுவார்கள். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் பெண்கள் காலை நேரத்தில் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் அந்தப் பருவத்தில் வருகைப் பதிவேட்டில் நிறைய 'ஆ' விழும். அம்மாவோடு பந்தலுக்குப் போன பிள்ளைகள்!

இவ்வளவு பாடுபட்டு எடுக்கும் விதை எங்கே போகிறது? வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு. அந்த விதையிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்தைப் பிரிக்கிறார்கள். அது எதற்கான மருந்து தெரியுமா? மூட்டுவலிக்குத்தான். கவுட் என்ற ஒரு வகை மூட்டுவலிக்கு. அதனால் அந்த வாட்ஸ்ஆப் செய்தி முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

இந்த மருந்தின் கதை பெரியது. ஐரோப்பாவில் இதே நஞ்சு உள்ள வேறொரு செடி இருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஊதாப் பூ பூக்கும், கோல்ச்சிகம் என்று பெயர். முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் அதை ஆளைக் கொல்லும் செடி என்றுதான் எழுதி வைத்தார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் என்ற பைசாந்திய மருத்துவர் அதே வகைக் கிழங்கைக் கவுட் வலிக்குக் கொடுத்தார். கேட்டது, ஆனால் வயிற்றைப் புரட்டி எடுத்தது. வலி தீர்க்கும் அளவுக்கும் ஆளைத் தீர்க்கும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது என்பதால் பின்னால் வந்த மருத்துவர்கள் பலர் அதைத் தொடவே பயந்தார்கள்.

பிறகு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுப் படையில் இருந்த ஹுஸ்ஸான் என்பவர் ஒரு 'மருந்துத் தண்ணீர்' விற்க ஆரம்பித்தார். என்ன சேர்த்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை. பரம ரகசியம். கவுட் என்பது பெருவிரல் மூட்டு சிவந்து, வீங்கி, மேலே துணி பட்டாலும் உயிர் போகும் நோய். அந்த வலியில் இருப்பவன் ரகசியமா, அம்பலமா என்று பார்ப்பானா? விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் கூட அதை வாங்கிக் குடித்தார். 1814இல் ஜான் வான்ட் என்ற லண்டன் மருத்துவர், இதில் இருப்பது அந்தப் பழைய கோல்ச்சிகம்தான் என்று போட்டு உடைத்தார். 1820இல் பிரான்சில் பெல்லத்தியே, கவந்து என்ற இருவர் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கான கொய்னாவைப் பிரித்ததும் இதே இருவர்தான், அதே ஆண்டில்.

சாரம் கையில் கிடைத்ததும் நடந்த பெரிய மாற்றம் என்ன? அளவு. அவ்வளவுதான். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம், கிழங்குக்குக் கிழங்கு மாறும். மாத்திரையில் அரை மில்லிகிராம் என்றால் அரை மில்லிகிராம். இன்றும் மருத்துவர்கள் இதைச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டுத்தான் எழுதுவார்கள். கிழங்கைத் தின்றவருக்கு முதலில் காலரா வந்ததுபோல வாந்தியும் பேதியும். கொஞ்சம் தேறியதுபோல இருக்கும். அதற்குப் பிறகு எலும்பு மஜ்ஜை நின்று ரத்த அணுக்கள் குறையும், உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும், பிழைத்தவருக்கும் தலைமுடி கொட்டும். கையில் தயாராக இருக்கும் மாற்று மருந்து இல்லை. இலங்கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு.

நம் சித்த மருத்துவமும் இதை நஞ்சுள்ள கிழங்காகத்தான் வைத்திருக்கிறது. சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்பது அதன் விதி. வாட்ஸ்ஆப்காரர் அந்த விதியை மட்டும் விட்டுவிட்டார்.

இன்னொன்று. கோல்ச்சிசின் கேட்பது கவுட்டுக்கு. வயதாகித் தேய்ந்துபோன முழங்காலுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்ததில் பெரிய பலன் தெரியவில்லை. என் மாணவரின் அம்மாவுக்கு இருப்பது தேய்மான வலி. ஆக, பலனே இல்லாத இடத்தில் விஷத்தை மட்டும் சாப்பிட இருந்தார்.

(இடையில் ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் அமெரிக்காவில் இந்தப் பழம் மருந்துக்கு முறைப்படி அங்கீகாரம் வாங்கிய கம்பெனிக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. 9 சென்ட் விற்ற மாத்திரை கிட்டத்தட்ட 5 டாலர் ஆயிற்று. மூலனூர் பந்தலில் நின்று பூத்தொட்ட அம்மாக்களின் கூலி அதற்கேற்ப ஏறியதாக நான் கேள்விப்படவில்லை.)

மூலிகையிலிருந்து மாத்திரைக்கு வந்த இன்னொரு கதை எல்லோருக்கும் தெரிந்தது, ஆஸ்பிரின். ஆனால் அதன் தொடக்கம் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்ற பாதிரியார் வில்லோ மரப்பட்டையை ஒருநாள் வாயில் போட்டுப் பார்த்தார். கசப்பு. கொய்னா பட்டையும் கசக்கும், இதுவும் கசக்கிறது, அப்படியானால் இதுவும் காய்ச்சலுக்குக் கேட்குமோ என்று யோசித்தார். ரொட்டி சுடும் அடுப்பின் வெளிச்சுவரில் மூன்று மாதத்துக்கு மேல் தொங்கவிட்டுக் காய வைத்துப் பொடித்தார். சின்ன அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சுமார் 50 பேருக்குக் கொடுத்தார். 1763இல் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். யாருக்குக் கேட்டது என்பதோடு யாருக்கு முழுமையாகக் கேட்கவில்லை என்பதையும் அதில் ஒளிக்காமல் எழுதினார். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் அதுதான்.

அது காய்ச்சலுக்கு. மூட்டுக்கு வந்தது நூறு வருஷம் கழித்து. ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்து மருத்துவர் மெக்லாகன், வில்லோ பட்டையின் சாரமான சாலிசினை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு மூட்டு வீங்கிக் காய்ச்சலோடு கிடந்த வாதக்காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1876இல் லான்செட் இதழில் எழுதினார். அதன் தம்பி சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புண்ணாக்கியது. அதைத் தணித்து 1897இல் பேயர் கம்பெனியில் ஹாஃப்மன் செய்ததுதான் 1899இல் ஆஸ்பிரின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. இது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் கண்டுபிடித்தது 1971இல். அதற்கு 1982இல் நோபல் பரிசு. பட்டையை வாயில் போட்ட பாதிரியாரிலிருந்து கணக்கிட்டால் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் எல்லோரும் ஒரு சின்னக் குப்பி விண்டர்கிரீன் தைலம் வாங்கி வந்திருப்பீர்கள். நீலகிரியில் வளரும் ஒரு புதர்ச்செடியின் இலையை வடித்து எடுப்பது. அது கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் பங்காளி. வெளியே தடவினால் சூடாக இருக்கும், வலி கொஞ்சம் மட்டுப்படும். நானும் தடவுகிறேன். ஆனால் ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் சின்னக் குழந்தை உயிருக்கு ஆபத்து. பேரப்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாமி மாடத்தில் வைக்காதீர்கள். இதய வால்வு வைத்து ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அள்ளி அள்ளித் தேய்க்கவும் கூடாது, தோல் வழியாக உள்ளே போய் ரத்தக்கசிவை உண்டாக்கும்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

எங்க அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) தொண்ணூறு வயதுக்குப் பக்கத்தில் இருந்தவர். அவருடைய வைத்தியம் மூன்றே மூன்று. நொச்சித்தழையை வதக்கித் துணியில் கட்டி முழங்காலுக்கு ஒத்தடம். வாதநாராயணன் தழையைப் போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளியல். வாரம் ஒருநாள் முடக்கத்தான் தோசை. "முடக்கை அறுக்கறதுனாலதாண்டா கண்ணு அதுக்கு அந்தப் பேரு" என்பார். பேரே மருந்துச்சீட்டு!

அதில் எவ்வளவு உண்மை என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன். சூடு பட்டால் தசை தளரும், வலி குறையும், இதில் சந்தேகமே இல்லை. நொச்சிக்கு வீக்கம் குறைக்கும் குணம் இருப்பதாக எலிகளிடம் சோதித்து நிறைய எழுதியிருக்கிறார்கள். மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்தது மிகக் குறைவு. முடக்கத்தான் கீரையாகச் சாப்பிட நல்லது. அது முடக்கை அறுத்ததா என்று கேட்டால், அமுச்சி கடைசி வரை குச்சி ஊன்றித்தான் நடந்தார். ஆனால் நடந்தார். காடு வரைக்கும் போய்த் தழையைப் பறித்து வந்ததும் ஒரு வைத்தியம்தான் என்று இப்போது தோன்றுகிறது. தேய்மான வலிக்கு இன்று மருத்துவர்கள் முதலில் சொல்வதும் நடை, தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு இவைதானே.

இந்தக் கைவைத்தியம் ஏட்டில் ஏறிய வரலாறும் சுவையானது. கொச்சியில் இருந்த டச்சுக் கவர்னர் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் முதலானவர்களைக் கேட்டுக் கேட்டு மலபார் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள் போட்டார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. நொச்சிக்கும் அதில் படம் இருக்கிறது. 1813இல் சென்னையில் ஒயிட்லா ஐன்ஸ்லி என்ற கம்பெனி மருத்துவர் இந்திய மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு நூலாக அச்சிட்டார். வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல, தஞ்சையில் சரபோஜி மன்னரும் வைத்தியர்களைக் கூட்டி வைத்து மருந்து முறைகளைத் தொகுத்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்று சரசுவதி மகால் பின்னாளில் வெளியிட்டது அதைத்தான். 1921இல் சென்னை அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு போட்டது. நாட்டு வைத்தியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கினார்கள், தமிழிலும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் பரிந்துரையில்தான் 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி. 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த நிறுவனம். இத்தனை பேரும் செய்தது ஒரே காரியம்: பெயரைச் சொல், சரக்கைச் சொல், அளவைச் சொல் என்று கேட்டது. நான் கேட்கத் தவறியதும் அதைத்தான்.

2006ஆம் ஆண்டு. சிக்குன்குனியா வந்த வருஷம் நினைவிருக்கிறதா? எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு பேர் குனிந்தபடி நடந்தார்கள். 1952இல் தாங்கனிக்காவில், இன்றைய தான்சானியாவில், முதலில் அடையாளம் கண்ட நோய் அது. பெயரும் அங்கத்து மக்கோண்டே மொழிதான், வளைந்து குறுகிப்போவது என்ற பொருளில். 1964இல் சென்னையில் ஒருமுறை ஆட்டிவிட்டுப் போய், நாற்பது வருஷம் கழித்துத் திரும்ப வந்தது. நிலவேம்புக் கஷாயம், மிளகு ரசம், நொச்சி ஆவி, எல்லாவற்றையும் எல்லோரும் செய்தோம். பெரும்பாலோருக்கு சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வலி போய்விட்டது. கஷாயம்தான் போக்கியது என்று சத்தியம் செய்தோம். தானாகப் போகிற வலியை யார் போக்கினார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கஷாயம் குடிக்காத என் மனைவிக்கும் அதே இரண்டு மாதத்தில்தான் போயிற்று. அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எங்க அக்காவுக்கு மட்டும் போகவில்லை. வெள்ளகோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி விரல் கணுக்கள் வீக்கம். "சிக்குன்குனியாவோட மிச்சந்தான் தம்பி" என்றார். நானும் ஆமாம் என்றேன். ஆறேழு மாதம் கஷாயத்திலேயே போனது.

அப்போது பக்கத்து ஊர்ச் சந்தையில் ஒருவர் மூட்டுவலிச் சூரணம் விற்றார். பெயர் ஒட்டாத காகிதப் பொட்டலம். என்ன சேர்கிறது என்று கேட்டதற்கு, "பரம்பரை ரகசியமுங்க, இருபத்தோரு மூலிகை" என்றார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அக்கா கேட்கவில்லை, மாமா கேட்கவில்லை. வாத்தியார் தம்பி நல்லதுதான் வாங்கி வருவான் என்று சாப்பிட்டார்.

பத்தே நாள். அக்கா எழுந்து மாவாட்டினார். வாசலில் இருபது புள்ளிக் கோலம் போட்டார். நான் பள்ளியில் ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லி, என் பேச்சை நம்பி மூன்று பேர் வாங்கினார்கள்.

இந்தப் பத்து நாள் அதிசயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் அசையக்கூட முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து கடைத்தெருவுக்கே போனார். உலகமே கொண்டாடியது. 1950இல் ஹென்ச்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு. அதற்குள்ளேயே இந்தப் பக்கம் முகம் வீங்குவதும், மருந்தை நிறுத்தினால் வலி இன்னும் மோசமாகத் திரும்புவதும் தெரிய ஆரம்பித்துவிட்டன. அதுதான் ஸ்டீராய்டு. மருத்துவர் கையில் அருமையான மருந்து. பொட்டலத்தில் கலந்துவிட்டால்?

அக்காவின் முகம் நிலா மாதிரி உருண்டது. உடம்பு தேறிவிட்டது என்று உறவெல்லாம் சொன்னது. சர்க்கரை ஏறியது. வயசு என்றோம். பதினான்கு மாதம் சாப்பிட்டார். ஒரு சந்தையில் அந்த ஆள் வரவில்லை, அடுத்த சந்தைக்கும் வரவில்லை. பொட்டலம் தீர்ந்த ஐந்தாம் நாள் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் கீழே போய் அக்கா சுருண்டு விழுந்தார். கோவைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஏதாச்சும் பொடி, லேகியம் சாப்பிட்டாங்களா?" ரத்தத்தில் கார்ட்டிசால் பார்த்தார்கள். அடிமட்டத்தில் இருந்தது. வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், அதைச் சுரக்கிற சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி எனக்கு வேலையில்லை என்று தூங்கிவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. அதோடு இன்னொன்றும் சொன்னார். அக்காவுக்கு இருந்தது சிக்குன்குனியா மிச்சமே இல்லை, ருமட்டாய்டு என்ற முடக்குவாதம். அது வந்த முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் மூட்டு சிதையாமல் காக்கலாம். பொடி வலியை மறைத்தது. உள்ளே மூட்டு அரித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு வருஷத்தைத் தொலைத்திருந்தோம்.

வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்று தொடங்கி, இப்போது அக்கா நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் இரண்டு கையிலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. கோலப்பொடியைக் கிள்ளிப் பிடிக்க வராது. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தீபாவளிக்குப் போனால், "தம்பிக்கு முறுக்கு எடுத்து வைம்மா" என்று மருமகளிடம் சொல்வார். அவர் பிழிவது நின்று பதினேழு வருஷம் ஆகிறது.

அந்த ஆள் சித்த மருத்துவர் இல்லை. பட்டம் படித்து அரசு மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் சித்த மருத்துவர்கள் இந்தப் பதிவைப் படித்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் உங்களிடம் வந்திருந்தால் நீங்களே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பியிருப்பீர்கள்.

சரி, அப்படியானால் மூலிகையே வேண்டாமா சார் என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, நம் சிஎஸ்ஐஆர் வழக்காடி 1997இல் ரத்து செய்ய வைத்தது நினைவிருக்கும். மூட்டுக்கு? தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மஞ்சள் சாரம் தினம் 1500 மில்லிகிராம், இன்னொரு பிரிவுக்கு இபுபுரூஃபன் மாத்திரை என்று நான்கு வாரம் கொடுத்தார்கள். 2014இல் வந்த முடிவு: வலி குறைந்ததில் இரண்டும் ஏறக்குறைய சமம். மஞ்சள் பிரிவில் வயிற்றுத் தொந்தரவு குறைவு.

உடனே சந்தோஷப்பட வேண்டாம். கணக்குப் போடுவோம், வாத்தியார் புத்தி. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்கு. ஒரு தேக்கரண்டி தூள் 3 கிராம் என்றால், அதில் குர்குமின் 90 மில்லிகிராம்தான். சோதனையில் கொடுத்தது வடித்தெடுத்த சாரம், பல மடங்கு. போதாததற்கு குர்குமின் குடலில் எளிதில் ஏறாது. மிளகின் பைப்பரின் சேர்த்தால் 20 மடங்கு ஏறுகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். இதைப் பிடித்துக்கொண்டு மிளகு சேர்த்த மஞ்சள் மாத்திரைகள் வந்தன. அவற்றைத் தின்ற சிலருக்குக் கல்லீரல் வீங்கியதாக இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக, இரவு மஞ்சள் பால் குடியுங்கள், தூக்கம் நன்றாக வரும், முழங்காலுக்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள். டப்பா மாத்திரை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஆய்வுகளில் ஓரளவு நல்ல பெயர் வாங்கியது குந்திரிக்கம். சாம்பிராணிக் குடும்பம். 2014இல் காக்ரேன் என்ற அமைப்பு தேய்மான வலிக்கான உள்மருந்து மூலிகைகள் பற்றி 49 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. குந்திரிக்கச் சாரம் சாப்பிட்டவர்களின் வலி 100க்கு 23, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 40. ஒன்றுமில்லாததைவிட மேல், தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. இதுவும் சாரம்தான், வீட்டில் புகை போடுவது இல்லை.

இன்னொரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை இரண்டும் நம் வேலியில் உள்ளவை, மருந்து என்று சொல்லப்படுபவை. இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம், ஒரு சீன மூலிகைக்குப் பதில் இதே குடும்பத்து வேறொரு செடி மாறி வந்துவிட்டது. புற்றுநோயையும் உண்டாக்கும் பொருள் இது. வேலியில் முளைத்தது என்பதால் வீட்டுக்கு உறவு ஆகிவிடாது.

எனக்கும் இப்போது வலது முழங்கால் படியிறங்கும்போது சத்தம் போடுகிறது. காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி மடக்குகிறேன். நொச்சி ஒத்தடம் உண்டு, வாரத்துக்கு ஒருநாள் முடக்கத்தான் தோசையும் உண்டு. ஆனால் மூட்டு சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, காலையில் விரல் அரைமணி நேரத்துக்கு மேல் மடங்காமல் நின்றாலோ அன்று ஒத்தடம் கிடையாது, நேராக மருத்துவரிடம்தான். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். பெயர் ஒட்டாத பொட்டலம் எதுவும் எங்கள் வீட்டுக்குள் வராது.

என் மாணவர் நேற்று மறுபடி போன் செய்தார். அம்மாவைத் தாராபுரத்தில் காட்டியிருக்கிறார். எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பினார்களாம். "அம்மா நொச்சி ஒத்தடம் வெக்கலாமான்னு கேக்கறாங்க சார்" என்றார்.

"தாராளமா வெக்கச் சொல்லு. சூடு மட்டும் கையில தொட்டுப் பாத்துட்டு வெக்கணும், சர்க்கரை இருக்கறவங்களுக்குக் கால்ல சூடு தெரியாது" என்றேன்.

அந்த வாட்ஸ்ஆப் செய்தியை அனுப்பியவர் யார் என்று கேட்டேன். அவருடைய சித்தப்பாவாம். அவருக்கு அனுப்பியது யாரோ. சித்தப்பாவின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். இந்தப் பதிவை முடித்துவிட்டு அவருக்குத்தான் போன் செய்யப் போகிறேன்.